இணைய எக்ஸ்எம்எல் எடிட்டரில் டிட்டா கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பம்புசெட், மோட்டார் கையேடுகளை டிட்டா முறையில் எழுதுவது எங்கள் குழுவின் வேலை. கையேட்டைச் சிறு சிறு துண்டுகளாக எக்ஸ்எம்எல் (டேக் போட்டு எழுதும் வடிவம்) கோப்புகளில் எழுதி ஒன்றுசேர்ப்பதுதான் டிட்டா. ஒவ்வொரு துண்டும் ஒரு டாபிக்; எந்த டாபிக் எந்த வரிசையில் வரும் என்று சொல்லும் கோப்பு மேப். எல்லாமே உலாவியில் திறக்கும் எக்ஸ்எம்எல் எடிட்டரில்தான் நடக்கிறது. ஒரே கோளாறு இந்த வாரம் ஒருவரிடம், அடுத்த வாரம் இன்னொருவரிடம் என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்ததால், சரிசெய்த ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தேன். அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். ஆக்ஸிஜன் வெப் ஆதர், ஃபாண்டோ, உங்கள் ஆவணக் களஞ்சியத்தோடு சேர்ந்து வந்த எடிட்டர் என்று எதில் வேலை செய்தாலும் பொத்தானின் பெயரும் இடமும்தான் மாறும். பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றேதான்.

டேக் போட்டு அமைந்த பகுதி எலிமென்ட்; அந்த டேக்குக்குள் சேர்த்து எழுதும் குறிப்பு அட்ரிபியூட். டேக் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் இருக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டாபிக்கில் கண்ணுக்குத் தெரியும் கோளாறுகளில் பலவற்றுக்குக் காரணம் மேப்பில் இருக்கும். புதிதாக வருபவர்கள் டாபிக்கைத் திருத்தித் திருத்தி, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுகிறார்கள். அதனால் மேப்பைப் பார்த்து முடிக்கும்வரை டாபிக்கில் கை வைக்க வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

ரூட் மேப். எடிட்டரில் இப்போது எந்த மேப் ரூட்டாக, அதாவது முழுக் கையேட்டுக்கும் தலைமை மேப்பாகத் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். கோப்புப் பட்டியலிலிருந்து டாபிக்கை நேராகத் திறந்திருந்தாலோ, சாட்டில் யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டித் திறந்திருந்தாலோ, மேப்பே இல்லாமல் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். மூடிவிட்டு, மேப்பைத் திறந்து, அதன் வழியாக டாபிக்குக்குள் போங்கள்.

வடிகட்டி. எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்லும் டிட்டாவேல் கோப்பு எடிட்டரில் ஒன்றாகவும் பப்ளிஷ் (பிடிஎஃப், இணையப் பக்கம் எடுக்கும்) அமைப்பில் வேறொன்றாகவும் இருக்கலாம். எடிட்டரில் வடிகட்டியே போடாமல் இருப்பதும் உண்டு. இரண்டையும் ஒப்பிடுங்கள்.

எந்தப் பிரதி. சேமிப்பது வேறு, களஞ்சியத்தில் சேர்ப்பது வேறு. கிட் (கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் மென்பொருள்) வைத்து வேலை செய்தால் நீங்கள் எந்தக் கிளையில் (தனியாக ஓடும் பிரதியில்) எழுதினீர்கள், பப்ளிஷ் எந்தக் கிளையிலிருந்து ஓடியது என்று பாருங்கள்.

எங்களுக்கு வரும் அழைப்புகளில் நிறைய இங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியவில்லை என்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

## அறிகுறி 1: வாக்கியத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது

‘உங்கள் ...... பம்பை இயக்கும் முன் சக்‌ஷன் பைப்பில் தண்ணீர் நிரப்பவும்.’ புள்ளி வைத்த இடத்தில் மாடலின் பெயர் கீ வழியாக வந்திருக்க வேண்டும். மேப்பில் ஒரே இடத்தில் எழுதி வைத்ததை டாபிக்கில் ஒரு பெயரால் கூப்பிடும் வசதிதான் கீ. எடிட்டரில் அந்த இடம் சிவப்பாகவோ வெறும் கீ பெயராகவோ தெரியும். பப்ளிஷ் செய்தால் காலியாகப் போய்விடும்.

### எல்லாக் கீயும் காலி என்றால்

ரூட் மேப் தேர்வாகவில்லை. மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

ரூட் மேப் சரியாக இருந்தும் எல்லாம் காலியா? கீகளை வைத்திருக்கும் துணை மேப் ரூட்டோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைத்த வரியை மூல வடிவத்தில் (டேக்குகள் தெரியும்படி) திறந்தால், அது சாதாரண டாபிக்ரெஃப் (மேப்பில் ஒரு டாபிக்கைச் சேர்க்கும் எலிமென்ட்) ஆக இருந்து, ஃபார்மேட் என்ற அட்ரிபியூட்டில் ‘டிட்டாமேப்’ என்ற மதிப்பு விட்டுப்போயிருக்கலாம். அது இல்லாவிட்டால் துணை மேப்பை ஒரு டாபிக் என்று எடுத்துக்கொண்டுவிடும்; உள்ளே இருக்கும் கீ எதுவும் சேராது. மேப்ரெஃப் என்ற எலிமென்ட்டைப் போட்டு இணைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

### ஒரே ஒரு கீ மட்டும் காலி என்றால்

எழுத்துப் பிழையை முதலில் பாருங்கள். கீ பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கீடெஃப்பில் (மேப்பில் கீயை வரையறுக்கும் எலிமென்ட்) நடுக்கோடு, டாபிக்கில் அடிக்கோடு என்று இருந்தாலும் பொருந்தாது. கண்ணுக்குச் சட்டென்று படாத தவறு ஒன்று உண்டு: கீ பெயருக்குள் இடைவெளி. ‘பம்பு பெயர்’ என்று இடைவெளி விட்டு எழுதினால் அது ‘பம்பு’ என்றும் ‘பெயர்’ என்றும் இரண்டு தனித்தனிக் கீகள் ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

பெயர் பொருந்துகிறது, ஆனாலும் காலி என்றால் கீடெஃப்பைத் திறந்து உள்ளே பாருங்கள். கீ இருக்கும், பெயரை எழுதியிருக்க மாட்டார்கள். டாபிக்மெட்டா, அதற்குள் கீவேர்ட்ஸ், அதற்குள் கீவேர்ட், அதற்குள்தான் பெயர் இருக்க வேண்டும்.

அப்புறம் ஸ்கோப். மேப்பின் ஒரு கிளைக்குக் கீஸ்கோப் (கீகளை அந்தக் கிளைக்கென்று தனியாக வைக்கும் அட்ரிபியூட்) கொடுத்திருந்தால், அந்தக் கிளைக்கு வெளியிலிருந்து கூப்பிடும்போது ஸ்கோப் பெயர், ஒரு புள்ளி, பிறகு கீ பெயர் என்று எழுத வேண்டும். 2015 டிசம்பரில் வந்த டிட்டா 1.3-இல்தான் இந்த வசதி சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் எழுதிய மேப்பை அப்படியே வைத்திருக்கும் குழுக்கள் இதைத் தேட வேண்டியதில்லை.

### கீ வருகிறது, ஆனால் வேறு மாடலின் பெயர் வருகிறது

ஒரே கீயை இரண்டு இடத்தில் வரையறுத்திருக்கிறார்கள். இரண்டு வரையறை இருப்பது பிழை ஆகாது. முதலில் வருவது வெல்லும். எது ‘முதல்’ என்பதில்தான் குழப்பம். மேப்பில் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனால் தவறாகத்தான் புரியும். டிட்டா மட்டம் மட்டமாகப் பார்க்கிறது. ரூட் மேப்பில் நேரடியாக எழுதிய கீ கடைசி வரியில் இருந்தாலும், முதல் வரியில் இணைத்த துணை மேப்புக்குள் இருக்கும் அதே கீயை அது தோற்கடித்துவிடும்.

எடிட்டரில் கீ பட்டியல் பலகம் இருந்தால் அதில் கீயைத் தட்டி, எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேப் கோப்புறை முழுவதிலும் கீ பெயரைத் தேடுங்கள். இரண்டு இடத்தில் கிடைத்தால் காரணம் கிடைத்துவிட்டது.

எடிட்டரில் ஒரு பெயர், பிடிஎஃப்பில் இன்னொரு பெயர் என்றால் வடிகட்டியைப் பாருங்கள். முதல் வரையறையை வடிகட்டி நீக்கிவிட்டால் இரண்டாவது அந்த இடத்துக்கு வந்துவிடும். இதைத் திட்டமிட்டே செய்பவர்கள் உண்டு. ஒரே மேப்பில் இரண்டு மாடலுக்கும் கையேடு எடுக்க நல்ல வழிதான். அதனால் அழிப்பதற்கு முன் கூட இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

### கீ சரியாக வருகிறது, தமிழ் கெட்டுவிடுகிறது

இந்தத் தவறு வேலிடேட்டர் (டேக் அமைப்பைச் சோதிக்கும் கருவி) கண்ணில் படாது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும் இது தெரியாது. தமிழில் கையேடு எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கீயில் ‘பம்பு’ என்று இருக்கிறது. எழுதியவர் கீயைப் போட்டு, ஒட்டி ‘ஐ’ என்று எழுதிவிட்டார். வெளியீட்டில் ‘பம்புஐ அணைக்கவும்’ என்று வருகிறது. ‘பம்பை’ என்று வந்திருக்க வேண்டும். மோட்டார் என்றால் ‘மோட்டார்ஐ’. வேற்றுமை உருபு பெயரோடு சேரும்போது பெயரின் கடைசி எழுத்தே மாறுகிறது. அது கீக்கு எப்படித் தெரியும்?

பெயருக்கு முன்னால் வரும் சொல்லிலும் இதே சிக்கல். பம்புக்கு எழுதியபோது ‘இந்தப்’ என்று ஒற்று போட்டார்கள், சரி. கீ மோட்டாருக்கு மாறியதும் ‘இந்தப் மோட்டார்’ என்று அச்சாகிறது. ஒற்றை எடுத்துவிட்டால் ‘இந்த பம்பு’ தப்பாகிறது.

எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

உருபு ஏற்க ஒரு பொதுப்பெயரைப் பின்னால் நிறுத்துங்கள். கீயில் மாடல் பெயர் மட்டும் இருக்கட்டும். அதன் பின்னால் ‘மாடலை’, ‘இயந்திரத்துக்கு’, ‘வகையில்’ என்று டாபிக்கிலேயே எழுதுங்கள். கீ எழுவாயாக, மாறாமல் நிற்கும். உருபைப் பொதுப்பெயர் தாங்கிக்கொள்ளும்.

கீக்கு முன்னால் ‘இந்த’, ‘அந்த’, ‘எந்த’ வேண்டாம். ‘உங்கள்’ என்று எழுதுங்கள். ‘உங்கள் பம்பு’, ‘உங்கள் மோட்டார்’, ‘உங்கள் கம்ப்ரசர்’, எதற்கும் ஒற்று மிகாது. கையேட்டில் படிப்பவரை நேராக விளித்ததாகவும் ஆகிறது. இரண்டாம் வேற்றுமைக்குப் பின்னால் கீ வருவதையும், ‘ஆக’, ‘போய்’ போன்ற வினையெச்சத்துக்குப் பின்னால் வருவதையும் அதேபோலத் தவிர்க்கலாம். முடிந்தவரை கீ வாக்கியத்தின் முதல் சொல்லாகவோ ‘உங்கள்’ என்பதற்கு அடுத்தோ இருக்கட்டும்.

இவை போதாவிட்டால், ஒரு பெயருக்கு எழுவாய்க்கு ஒன்று, ‘ஐ’ சேர்ந்தது ஒன்று, ‘க்கு’ சேர்ந்தது ஒன்று என்று தனிக் கீகள் வைக்கலாம். நாங்கள் ஒரு வருடம் இப்படி வைத்திருந்தோம். புது மாடல் வரும்போதெல்லாம் ஐந்தாறு கீ சேர்க்க வேண்டும்; யாராவது ஒன்றை விட்டுவிடுவார்கள்; மறுபடியும் ஓட்டை விழும். வாக்கியத்தை மாற்றி எழுதுவதுதான் நிலையான வழி என்பது என் முடிவு. கையேடுகள் நூற்றுக்கணக்கில் ஏற்கெனவே ‘ஐ’ ஒட்டி எழுதப்பட்டிருந்தால் மட்டும் மொழிபெயர்ப்புக் குழுவையும் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். தேடி மாற்றும் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாக இறங்க வேண்டாம்.

## அறிகுறி 2: எழுதியது வெளியீட்டில் இல்லை

### டாபிக் மேப்பிலேயே இல்லை

புதிய டாபிக்கை உருவாக்கினால் கோப்புறையில் கோப்பு உருவாகும். அதை மேப்பில் சேர்ப்பது தனி வேலை. சேர்த்த பிறகு மேப்பையும் சேமிக்க வேண்டும். டாபிக் ஒரு கோப்பு, மேப் இன்னொரு கோப்பு. டாபிக்கைச் சேமித்துவிட்டு மேப் இருக்கும் டேபை அப்படியே மூடிவிடுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

### மேப்பில் இருக்கிறது, பொருளடக்கத்தில் இல்லை

டாபிக்ரெஃப்பின் அட்ரிபியூட்களைத் திறங்கள். ‘டிஓசி’ என்பதில் ‘நோ’ (இல்லை) என்று இருந்தால் பொருளடக்கத்தில் வராது. ப்ராசஸிங்-ரோல் என்பதில் ‘ரிசோர்ஸ் ஒன்லி’ என்று இருந்தால் அந்த டாபிக் மறுபயன்பாட்டுக்கு மட்டும்தான்; பக்கமாக வெளியே வராது. அந்த டாபிக்ரெஃப்பில் எதுவும் இல்லை என்றால் அதன் பெற்றோரைப் பாருங்கள். ரிசோர்ஸ் ஒன்லி மேலிருந்து கீழே இறங்கிப் பிள்ளைகளையும் பிடித்துக்கொள்ளும். பொது எச்சரிக்கைகள் இருக்கும் கிளைக்குள் தவறுதலாக இழுத்துப் போட்ட டாபிக் காணாமல் போவது இப்படித்தான்.

### எடிட்டரில் தெரிகிறது, பப்ளிஷில் ‘கோப்பு இல்லை’ என்கிறது

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸ் கணினியில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். லினக்ஸ் சர்வரில் அவை வேறு வேறு கோப்புகள். ஒரு கோப்பை யாராவது தன் கணினியில் பெயர் மாற்றிக் களஞ்சியத்தில் ஏற்றினால் இந்தப் பிழை வரும். கோப்புப் பெயர் எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளிக்குப் பதில் நடுக்கோட்டோடு என்று குழுவில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

### டாபிக் வருகிறது, ஒரு பத்தி மட்டும் இல்லை

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கையேடு ஒன்று அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள், புரூஃப் பார்த்தவர் ‘எர்த் வயர் பற்றி ஒன்றுமே இல்லையே’ என்றார். எடிட்டரில் திறந்தால் இருக்கிறது: ‘எர்த் இணைப்புக் கொடுக்காமல் மோட்டாரை இயக்கக் கூடாது.’ மஞ்சள் பட்டையோடு, பெரிதாக. பிடிஎஃப்பில் அது இல்லை. ஈரத் தரையில் நின்று ஸ்விட்ச் போடும் விவசாயி படிக்க வேண்டிய வரி அது.

அந்தக் குறிப்பில் இரண்டு அட்ரிபியூட் இருந்தன. ப்ராடக்ட் என்பதில் ‘சிங்கிள் ஃபேஸ்’, ‘த்ரீ ஃபேஸ்’ இரண்டும். ஆடியன்ஸ் என்பதில் ‘எலக்ட்ரீஷியன்’. விவசாயிக்கான பதிப்பின் வடிகட்டி எலக்ட்ரீஷியனை விலக்கியது, குறிப்பும் போய்விட்டது. விதி இதுதான். ஒரே அட்ரிபியூட்டுக்குள் பல மதிப்பு இருந்தால், எல்லா மதிப்பும் விலக்கப்பட்டால்தான் அந்த எலிமென்ட் நீங்கும். பல அட்ரிபியூட் இருந்தால், ஏதாவது ஒரு அட்ரிபியூட் விலக்கப்பட்டாலே போதும், நீங்கிவிடும்.

சோதிக்கும் வழி: காணாமல் போன பத்தியின் அட்ரிபியூட்களை ஒரு தாளில் எழுதுங்கள். டிட்டாவேல் கோப்பில் விலக்கு என்று இருக்கும் மதிப்புகளைப் பக்கத்தில் எழுதுங்கள். மேலே சொன்ன விதியைப் போட்டுப் பாருங்கள். பத்தியில் ஒன்றும் இல்லாவிட்டால் அதைச் சுற்றியிருக்கும் செக்‌ஷன், டாபிக், கடைசியாக மேப்பில் இருக்கும் டாபிக்ரெஃப் என்று மேலே மேலே போங்கள்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் பாதுகாப்பு எச்சரிக்கை எதற்கும் வடிகட்டி அட்ரிபியூட் போடுவதில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும். உங்கள் குழுவிலும் இதைச் செய்யச் சொல்லி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

## அறிகுறி 3: கான்ரெஃப் உடைந்திருக்கிறது

வேறொரு இடத்தில் எழுதியதைச் சுட்டி இங்கே இழுத்துக் காட்டுவதுதான் கான்ரெஃப்.

### ‘இலக்கைக் காணவில்லை’ என்கிறது

கோப்பு இடம் மாறியிருக்கலாம். எடிட்டருக்குள்ளேயே பெயர் மாற்றினால், சுட்டும் இடங்களையும் சேர்த்து மாற்றும் வசதி சில எடிட்டர்களில் உண்டு. கிட் வழியாகவோ கோப்பு மேலாளர் வழியாகவோ மாற்றினால் அது நடக்காது. நாற்பது இடத்தில் உடைந்திருக்கிறது என்று நாற்பதையும் திருத்த உட்கார வேண்டாம். கோப்பைப் பழைய பெயருக்கே திருப்புங்கள், எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த வசதி இருந்தால் எடிட்டர் வழியாகவே மாற்றுங்கள்.

கோப்பு அங்கேயே இருக்கிறது என்றால் ஐடி (எலிமென்ட்டை அடையாளம் காட்டும் பெயர்) போயிருக்கும். எச்சரிக்கையை ஒருவர் முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்திருப்பார். சொல் அதேதான், ஐடி இல்லை. பதிப்பு வரலாற்றில் பழைய ஐடியைப் பார்த்து அதையே திரும்பப் போடுங்கள்.

ஐடியும் இருக்கிறதா? சுட்டி எழுதிய விதத்தைப் பாருங்கள். கோப்புப் பெயர், ஹேஷ், டாபிக்கின் ஐடி, சாய்கோடு, எலிமென்ட்டின் ஐடி, இந்த வரிசைதான். நடுவில் டாபிக் ஐடியை விட்டுவிடுவது மூல வடிவத்தில் கையால் எழுதுபவர்களுக்குச் சகஜம். அதே டாபிக்குக்குள் சுட்டுவதென்றால் டிட்டா 1.3-இல் டாபிக் ஐடிக்குப் பதில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

இவ்வளவும் சரி, எடிட்டரில் வருகிறது, பப்ளிஷில் மட்டும் இல்லை என்றால் இலக்கையே வடிகட்டி நீக்கியிருக்கும். அறிகுறி 2-இன் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

### வேலிடேட் செய்தால் ‘வகை பொருந்தவில்லை’ என்கிறது

நோட் (குறிப்பு) என்பதை நோட்டில்தான் இழுக்க வேண்டும், படியைப் படியில்தான். பத்திக்குள் நோட்டை இழுக்க முடியாது. இழுக்கும் இடத்தில் இருக்கும் எலிமென்ட்டை மாற்றுங்கள். பொதுக் கோப்பில் இருப்பதை மாற்றினால் மற்றவர்களுடையது உடையும்.

### பழைய வாசகமே வருகிறது

பொதுக் கோப்பில் திருத்தினீர்கள், கையேட்டில் மாறவில்லை. யாரோ பொதுக் கோப்பைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். பாதிக் கையேடுகள் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். ‘எங்கெல்லாம் பயன்படுகிறது’ என்ற தேடலை இரண்டு கோப்புக்கும் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கோப்புக்கு மாற்றிச் சுட்டுவது உடனடித் தீர்வு. கான்ரெஃப்பைக் கான்கீரெஃப் (கோப்புப் பெயருக்குப் பதில் கீ வழியாக இழுப்பது) ஆக மாற்றுவது வேலை அதிகம் பிடிக்கும் தீர்வு. அதைச் செய்துவிட்டால் கோப்பின் பெயர் மேப்பில் ஒரே இடத்தில் இருக்கும். இடம் மாற்றினாலும் ஒரு வரி திருத்தினால் போதும். எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது, அதற்குப் பிறகு ‘இலக்கைக் காணவில்லை’ என்ற அழைப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

பொதுக் கோப்பை வேறு குழுக்களும் பயன்படுத்துகின்றன என்றால் நீங்களாகப் பெயர் மாற்றாதீர்கள். களஞ்சிய நிர்வாகியைக் கூப்பிடும் இடம் இது.

## அறிகுறி 4: எடிட்டர் இந்த இடத்தில் சேர்க்க விடவில்லை

டாஸ்க் (செய்முறையைப் படிகளாகச் சொல்லும்) டாபிக்கில்தான் இது அதிகம் வரும். கர்சரை வைத்துப் பத்தி சேர்க்கப் பார்த்தால் பட்டியலில் பத்தியே இல்லை. ஒரு படிக்குள் கட்டளை வாக்கியம், அதாவது சிஎம்டி, ஒரே ஒரு முறைதான் வரும். அதற்கு முன்னால் எச்சரிக்கைக் குறிப்பு வரலாம், சாதாரணப் பத்தி வரக் கூடாது. விளக்கம், அட்டவணை எல்லாம் சிஎம்டிக்குப் பின்னால் இன்ஃபோ என்ற எலிமென்ட்டுக்குள் போக வேண்டும். முதலில் இன்ஃபோவைச் சேருங்கள், பத்தி பட்டியலில் வந்துவிடும். ஒரே படியில் இரண்டு கட்டளை எழுத வேண்டியிருந்தால் அவை உண்மையில் இரண்டு படிகள். ‘மெயின் ஸ்விட்சை அணைக்கவும்’ ஒரு படி. ‘ஃபியூஸைக் கழற்றவும்’ அடுத்த படி.

வேர்டிலிருந்து ஒட்டும்போது சேரவில்லை என்றால் பெரிய துண்டாக ஒட்டாதீர்கள். ‘வெறும் எழுத்தாக ஒட்டு’ என்பதைப் பயன்படுத்தி, படிப்படியாக ஒட்டுங்கள். அட்டவணை இருந்தால் அதை மட்டும் தனியாக.

டிட்டா நிலையான வடிவத்தில் அனுமதி உண்டு, உங்கள் எடிட்டரில் மட்டும் இல்லை என்றால், உங்கள் நிறுவனத்துக்கென்று கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். மூல வடிவத்தில் போய்க் கோப்பின் தலையில் இருக்கும் டாக்டைப் (எந்த விதிகளின்படி எழுதியது என்று சொல்லும்) வரியை மாற்றித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அந்த டாபிக் உங்களிடம் திறக்கும், பப்ளிஷில் விழும். கட்டுப்பாட்டை எழுதிய தகவல் வடிவமைப்பாளரைத்தான் கேட்க வேண்டும்.

## அறிகுறி 5: சேமிக்கவில்லை, அல்லது கோப்பே திறக்கவில்லை

சேமிக்கவில்லை. டேபை மூடாதீர்கள், ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள். மூல வடிவத்துக்குப் போய் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு நோட்பேடில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இன்னொரு டேபில் லாகின் செய்து பாருங்கள்; சாப்பிடப் போய் வந்த நேரத்தில் செஷன் முடிந்திருக்கலாம். அதே டாபிக் உங்களிடமே வேறு டேபில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் பூட்டி வைத்திருந்தால் அவரைக் கேட்டு விடுவிக்கச் சொல்லுங்கள். அவர் விடுமுறையில் இருந்தால் பூட்டை உடைக்க நிர்வாகி வேண்டும். அவருடைய சேமிக்காத திருத்தம் போய்விடக் கூடும் என்பதை நிர்வாகியிடம் சொல்லிவிடுங்கள்.

திறக்கவில்லை. ‘வெல் ஃபார்ம்டு இல்லை’ (எக்ஸ்எம்எல் அமைப்பு உடைந்திருக்கிறது) என்று வந்தால் மூல வடிவத்தில் திறந்து, பிழை சொல்லும் வரிக்குப் போங்கள். கிட் பயன்படுத்துபவர்களுக்கு அங்கே பெரும்பாலும் இது இருக்கும்: <<<<<<< என்று ஒரு வரி, நடுவில் ======= என்று ஒரு வரி, கீழே >>>>>>> என்று ஒரு வரி. இரண்டு பேர் ஒரே பத்தியைத் திருத்தியிருக்கிறார்கள், மோதல் தீராமலே கோப்பு ஏறிவிட்டது. முதல் இரண்டு வரிக்கு நடுவில் இருப்பது ஒருவருடையது, அடுத்த இரண்டுக்கு நடுவில் இருப்பது மற்றவருடையது. எது வேண்டும் என்று இருவரும் பேசி, ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த மூன்று குறி வரிகளையும் அழியுங்கள். மூன்று நான்கு இடத்துக்கு மேல் இருந்தாலோ, மேப் கோப்பிலேயே இருந்தாலோ, கிட் நன்றாகத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள்.

மூல வடிவத்தில் நேராக ஒட்டிய & குறியும் கோப்பைத் திறக்கவிடாது. பார்வை வடிவத்தில் தட்டச்சு செய்தால் எடிட்டரே அதைச் சரியாக மாற்றிக்கொள்ளும்.

## அறிகுறி 6: தமிழ் எழுத்து கெட்டு வருகிறது

### பிடிஎஃப்பில் ##### என்று வருகிறது

எடிட்டரிலும் இணையப் பக்கத்திலும் தமிழ் நன்றாகத் தெரிகிறது, பிடிஎஃப்பில் மட்டும் எழுத்துக்கு ஒரு ஹேஷ். உங்கள் எழுத்துக்குக் கேடில்லை, பயப்பட வேண்டாம். டிட்டாவை வெளியீடாக மாற்றும் டிட்டா ஓப்பன் டூல்கிட்டோடு வரும், பிடிஎஃப் உருவாக்கும் அப்பாச்சி எஃப்ஓபி, தன்னிடம் உள்ள எழுத்துருவில் ஒரு எழுத்து இல்லாவிட்டால் அந்த இடத்தில் # போடும். மேப்பிலும் டாபிக்கிலும் மொழி அட்ரிபியூட் தமிழ் என்று இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். சர்வரில் தமிழ் எழுத்துருவை நிறுவி, அமைப்புக் கோப்பில் இணைப்பது பப்ளிஷ் அமைப்பைப் பார்த்துக்கொள்பவரின் வேலை.

எழுத்துரு சேர்த்த பிறகும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பிடிஎஃப் உருவாக்கும் இன்ஜின் தமிழ் எழுத்தைக் கோக்கவில்லை என்று அர்த்தம். எழுத்துருவை மாற்றி மாற்றி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இன்ஜின் அமைப்பையோ இன்ஜினையோ மாற்ற வேண்டியிருக்கும். பணம் செலவாகும் முடிவு என்பதால் ஒரு மாதிரிப் பக்கத்தோடு நிபுணரிடம் போங்கள்.

### தேடினால் கிடைக்கவில்லை, கண்ணுக்குத் தெரிகிறது

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘ஒ’கரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எடிட்டரின் தேடல் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளாவிட்டால் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ‘கோ’, ‘கௌ’ வரிசைகளுக்கும் இதேதான். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை அழித்து உங்கள் விசைப்பலகையில் மறுபடி தட்டச்சு செய்து தேடுங்கள். கிடைத்துவிட்டால் காரணம் இதுதான். கோப்புகள் முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

பழைய கையேட்டிலிருந்து ஒட்டியது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் எடிட்டருக்குள் கொண்டுவர வேண்டும். மாற்றியதை எண்களும் அலகுகளும் உட்பட ஒருவர் முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 7: எடிட்டர் நகர மறுக்கிறது

உலாவியின் நீட்சிகளை நிறுத்திப் பாருங்கள், முக்கியமாக இலக்கணம் திருத்தும் நீட்சிகளை. பிறகு, முழு மேப்பையும் விரித்துக் காட்டும் பார்வையை விட்டு ஒரு டாபிக்கை மட்டும் திறந்து பாருங்கள். அது வேகமாக இருந்தால், மேப் பெரிது. துணை மேப்களாகப் பிரியுங்கள். ஒரு டாபிக்கே மெதுவாக இருந்தால் உள்ளே இருக்கும் படங்களின் அளவைப் பாருங்கள். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படம் இருக்கும். குழுவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெதுவாக இருந்தால் சர்வர், நிர்வாகியிடம் சொல்லுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை

ரூட் மேப்பின் பெயர், டாபிக்கின் கோப்புப் பாதை, எந்த வடிகட்டி, எந்தக் கிளை, கடைசியாக எப்போது சரியாக இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மேப் பெயர் தெரியும்படி முழுத் திரையையும் எடுங்கள். பப்ளிஷ் விழுந்திருந்தால் லாகில் (பப்ளிஷ் ஓடியதன் பதிவில்) கடைசி வரியை வெட்டி அனுப்பாதீர்கள். அது ‘தோல்வி’ என்று மட்டும்தான் சொல்லும். மேலிருந்து படித்துக்கொண்டு வந்து, முதன்முதலில் பிழை என்று வரும் வரியையும் அதற்கு முந்தைய பத்து வரிகளையும் அனுப்புங்கள்.